ஒரு நாளைக்கு 20 லட்சம் ஜாப்: எது எங்கே ஓடும்?

இதை நீங்கள் படிக்கிற இந்த நிமிடத்தில், மும்பையிலோ பார்சிலோனாவிலோ சிகாகோ பக்கத்திலோ ஒரு கணினி விளம்பரம் கொடுத்துக்கொண்டிருக்கிறது. "என்னிடம் எட்டு கோர் காலி, 16 ஜிகாபைட் மெமரி இருக்கிறது, வேலை இருந்தால் அனுப்புங்கள்." இன்னொரு பக்கம் கியூவில் நிற்கும் ஒரு ஜாப், "எனக்கு எட்டு கோர் வேண்டும், 14 ஜிகாபைட் மெமரி வேண்டும், யாராவது இருக்கிறீர்களா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நடுவில் ஒரு மென்பொருள் புகுந்து இரண்டையும் சேர்த்துவைக்கிறது. ஒரு நாளைக்கு இப்படி 20 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜாப்! ராத்திரி, பகல், ஞாயிற்றுக்கிழமை எதுவும் கிடையாது.

இது ஜெனீவாவில் இருக்கும் செர்ன் ஆய்வுக்கூடத்தின் எல்.எச்.சி. எந்திரத்துக்குப் பின்னால் ஓடும் கிரிட். எந்திரத்தின் படத்தை எல்லோரும் பார்த்திருப்போம்: பூமிக்கு அடியில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையம், எதிரெதிரே பாயும் புரோட்டான்கள். அந்தப் புரோட்டான் கொத்துகள் நொடிக்கு 4 கோடி முறை ஒன்றையொன்று கடக்கின்றன. பெரும்பகுதியை அங்கேயே வடிகட்டித் தள்ளிவிட்டு மிச்சத்தைத்தான் சேமிக்கிறார்கள். அந்த மிச்சத்தை மெல்லவே ஒரு ஊரின் கணினிகள் போதாது. ஆகவே 40 நாடுகளுக்கு மேல் பரவிய சுமார் 170 மையங்களும், ஏறக்குறைய 14 லட்சம் கோர்களும் சேர்ந்து மெல்லுகின்றன. இதில் செர்னின் சொந்தப் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் குறைவு.

எனக்குத் தலை சுற்றுவது இந்த எண்ணிக்கையைப் பார்த்து அல்ல. இந்த 170 மையங்களுக்கும் பொதுவான முதலாளி யாரும் கிடையாது! ஒவ்வொன்றுக்கும் தனி நிர்வாகம், தனி பட்ஜெட், தனி விதி, தனி விடுமுறை. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருப்பவர் "இந்த வாரம் என் கணினியில் இந்த ஜாப் வேண்டாம்" என்று சொன்னால் ஜெனீவாவால் அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. கட்டாயப்படுத்தாமலே 20 லட்சம் வேலை எப்படி நடக்கிறது? திரையை விலக்கி உள்ளே போய்ப் பார்க்கலாம், வாருங்கள்.

கதை 1988இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்குகிறது. அங்கே மைக்கேல் லிட்ஸ்கவ், மிரன் லிவ்னி, மாட் முட்கா மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். பேராசிரியர்களின் மேசைகளில் விலையுயர்ந்த கணினிகள் பாதி நாள் சும்மா கிடக்கின்றன. அவற்றைத் தேடிப் பிடித்து வேலை வாங்கினால் என்ன? அதற்கு அவர்கள் செய்த மென்பொருளின் பெயர் காண்டோர். சும்மா இருக்கும் கணினியை மோப்பம் பிடிக்கும், ஜாப்பை அதில் இறக்கும். உரிமையாளர் திரும்பி வந்து கீபோர்டைத் தொட்டால் போதும், ஜாப் தான் செய்தவரைக்கும் பதிவு செய்துகொண்டு, மரியாதையாக எழுந்து வேறு கணினிக்குப் போய்விடும். சொந்தக்காரருக்குத்தான் முதல் உரிமை. இந்த ஒரு பண்புதான் பின்னால் உலகம் முழுக்கப் பரவிய கிரிட்டின் அடிக்கல் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தன் கணினியை இழந்துவிட மாட்டோம் என்று தெரிந்தால்தான் யாரும் அதைக் கடன் கொடுப்பார்கள்.

காண்டோருக்கு 2012இல் எச்டிகாண்டோர் என்று பெயர் மாறியது. இன்று செர்னின் சொந்த டேட்டா சென்டரில் ஜாப்புகளைப் பிரித்துக்கொடுப்பது இதுதான். இதன் வயிற்றுக்குள் இருக்கும் பொருத்தம் பார்க்கும் முறையைத்தான் நான் உங்களுக்குக் காட்டத் துடிக்கிறேன்.

1998இல் ராஜேஷ் ராமன், மிரன் லிவ்னி, மார்வின் சாலமன் மூவரும் கிளாஸ்ஆட் என்ற முறையை எழுதி வெளியிட்டார்கள். பத்திரிகையில் வரும் வரி விளம்பரம் தெரியும் அல்லவா? அச்சு அசல் அதேதான்! மணமகன் தேவை பகுதியில் பெண் வீட்டார் தங்களைப் பற்றி நாலு வரி சொல்லிவிட்டு, எதிர்பார்ப்பு என்று இரண்டு வரி போடுவார்கள். மாப்பிள்ளை வீட்டாரும் அப்படியே. இங்கே ஜாப்பும் தன்னைப் பற்றிச் சொல்கிறது, தன் நிபந்தனையைச் சொல்கிறது. கணினியும் தன்னைப் பற்றிச் சொல்கிறது, தன் நிபந்தனையைச் சொல்கிறது. கணினிக்கு நிபந்தனையா என்று கேட்காதீர்கள். "இயற்பியல் துறையின் ஜாப் மட்டும் வரலாம்", "ராத்திரி எட்டு மணிக்கு மேல் யார் வேண்டுமானாலும் வரலாம்" என்றெல்லாம் அது கறாராகப் போடலாம். இரண்டு பக்கமும் சம்மதம் என்றால்தான் பொருத்தம். நிபந்தனைக்கு ரிக்வயர்மென்ட்ஸ் என்று பெயர். பொருந்துகிறவர்களில் யாரை அதிகம் பிடிக்கும் என்பதற்கு ரேங்க் என்று தனி வரி. மெமரி அதிகமுள்ள கணினியைத்தான் பிடிக்கும் என்று ஜாப் சொல்லலாம். என் துறை மாணவரின் ஜாப்பைத்தான் பிடிக்கும் என்று கணினியும் சொல்லலாம்!

இன்னும் கிட்டப் போவோம். ஒவ்வொரு கணினியிலும் ஸ்டார்ட்டீ என்ற காவல் நிரல் உட்கார்ந்திருக்கிறது. வழக்கமான அமைப்பில் அது 5 நிமிடத்துக்கு ஒரு முறை தன் விளம்பரத்தைக் கலெக்டர் என்ற பொதுப் பலகைக்கு அனுப்பும். 15 நிமிடம் புது விளம்பரம் வரவில்லையா? கலெக்டர் அந்தக் கணினியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். கரண்ட் போனதா, கேபிள் கழன்றதா, யாராவது சுவிட்சை அணைத்தார்களா என்ற விசாரணையே கிடையாது. செத்துப்போன கணினி வந்து "நான் செத்துவிட்டேன்" என்று சொல்ல முடியாதே! இவ்வளவு எளிமையான தீர்வு எனக்குப் பரவசம் தருகிறது.

ஜாப் பக்கம் ஷெட்டீ என்ற நிரல் கியூவைக் காக்கிறது. நடுவில் நெகோஷியேட்டர். இது சுமார் நிமிடத்துக்கு ஒரு முறை கண் விழிக்கும். பலகையில் உள்ள விளம்பரங்களை மொத்தமாக அள்ளும். எந்தப் பயனாளருக்கு முதல் உரிமை என்று கணக்குப் போடும். அவருடைய ஷெட்டீயிடம் "ஒரு ஜாப் கொடு" என்று கேட்கும், பொருந்தும் கணினிகளைத் தேடும், பிடித்த வரிசையில் அடுக்கும், முதலில் நிற்பதைக் காட்டிக்கொடுக்கும். அதோடு ஒதுங்கிக்கொள்ளும்! இனி ஷெட்டீயும் ஸ்டார்ட்டீயும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள வேண்டியதுதான். அப்போதும் ஸ்டார்ட்டீ, "விளம்பரம் கொடுத்தபோது காலியாகத்தான் இருந்தேன், இப்போது இல்லை" என்று மறுக்கலாம். பழைய தகவலை வைத்து முடிவு எடுத்துவிட்டோமே என்ற பயம் நெகோஷியேட்டருக்கு வேண்டியதில்லை. கடைசிச் சொல் கணினியுடையது.

முதல் உரிமை எப்படிக் கணக்காகிறது என்பதும் ருசியான விஷயம். ஒவ்வொரு பயனாளருக்கும் ஒரு எண். எண் குறைவாக இருந்தால் முன்னுரிமை கூடுதல். நீங்கள் கோர்களைத் தின்னத் தின்ன உங்கள் எண் ஏறும். நிறுத்தினால் வழக்கமான அமைப்பில் நாளுக்கு நாள் பாதியாகும். நேற்று 1000 என்று இருந்தவர் இன்று சும்மா இருந்தால் 500, நாளை 250. அதனால் ராத்திரியோடு ராத்திரியாகப் பத்தாயிரம் ஜாப் கொட்டியவர், நாலே ஜாப்போடு வரும் புது மாணவியை மறித்து நிற்க முடியாது. மாணவியின் எண் மிகக் குறைவு, நேரே முன்னால் போய்விடுவார். பேராசிரியருக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டியதில்லை. நியாயத்தை யாரோ உட்கார்ந்து கணக்காக எழுதி வைத்திருக்கிறார்கள், அது எந்த முகத்தையும் பார்ப்பதில்லை.

இதெல்லாம் ஒரு வளாகத்துக்குள் நடப்பது. கண்டம் தாண்டும்போது ஆட்டமே மாறுகிறது.

ஐரோப்பியப் பணத்தில் 2001இல் டேட்டாகிரிட் திட்டம் தொடங்கிய காலத்தில், நடுவில் ஒரு தரகு நிரல் உட்கார்ந்து, எந்த மையத்தில் கூட்டம் குறைவு என்று பார்த்து ஜாப்பை அங்கே தள்ளிவிடும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது பார்த்த தகவல் பழையதாக இருக்கும். "இங்கே கியூ காலி" என்று தெரிந்தவுடன் எல்லா ஜாப்பும் அங்கேயே குவியும். இன்னொரு மையத்தில் மென்பொருள் சரியாக நிறுவப்படவில்லை என்பது ஜாப் போய்ச் செத்த பிறகுதான் தெரியும். மணிக்கணக்கில் காத்திருந்து, கடைசியில் தோல்வி!

அதற்கு வந்த மாற்றுதான் பைலட். இந்த யோசனை என் மனசை அப்படியே அள்ளிவிட்டது! உண்மையான ஜாப்பை அனுப்பாதே; முதலில் ஒரு வெற்று நிரலை அனுப்பு. அது மையத்தின் கியூவில் நிற்கும், முறை வந்ததும் கணினிக்குள் நுழையும், சுற்றும் முற்றும் பார்க்கும். டிஸ்கில் இடம் இருக்கிறதா? மெமரி சொன்ன அளவு இருக்கிறதா? மென்பொருள் கைக்கு எட்டுகிறதா? எல்லாம் சரி என்றால்தான் தலைமைக்குத் தகவல் கொடுத்து, "இப்போது ஜாப் தா" என்று வாங்கும். கணினி நோயாளி என்றால் பைலட் மட்டும் செத்துப்போகும், யாருடைய ஆராய்ச்சிக்கும் சேதம் இல்லை. எல்.எச்.சி.யின் ஆய்வுக் குழுக்களில் ஒன்றான அட்லஸ் 2005இல் கட்டத் தொடங்கிய பாண்டா இப்படித்தான் இயங்குகிறது. சி.எம்.எஸ். குழுவின் கிளைடினும், எல்.எச்.சி.பி. குழுவின் டிராக்கும் இதே வழிதான். தள்ளிவிடுவதை விட்டு இழுத்துக்கொள்வதற்கு மாறியதுதான் கிரிட்டின் மிகப் பெரிய திருப்பம் என்பது என் கட்சி.

பாண்டா இன்னொரு படி மேலே போகும். ஆயிரக்கணக்கான ஜாப் கொண்ட பெரிய வேலை வந்தால், அத்தனையையும் ஒரேயடியாக விடாது. முதலில் சிலவற்றை மட்டும் ஒற்றர்களாக அனுப்பும். அவை எவ்வளவு மெமரி தின்றன, எத்தனை நேரம் ஓடின என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் மிச்சப் படையை அவிழ்த்துவிடும். மனிதர்கள் "இரண்டு ஜிகாபைட் போதும்" என்று எழுதிக்கொடுப்பதை நம்புவதைவிட இது எவ்வளவோ மேல்!

கருந்துளைக் கணினியைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கூடத்தை விட்டு நகர முடியாது. நல்ல கணினியில் ஒரு ஜாப் எட்டு மணி நேரம் ஓடும் என்று வையுங்கள். பக்கத்தில் ஒரு கணினிக்கு டிஸ்க் கோளாறு. அதில் இறங்கிய ஜாப் பத்தே நொடியில் தோற்றுப்போகிறது. உடனே கணினி காலி! காலி என்றால் அடுத்த ஜாப் வரும். அதுவும் பத்து நொடியில் சாகும். மற்ற கணினிகள் எல்லாம் மும்முரமாக வேலை செய்துகொண்டிருக்க, எப்போதும் கை காலியாக நிற்பது இந்த ஒன்று மட்டும்தான். ஆகவே கியூவில் இருப்பதெல்லாம் இதற்குள்ளேயே போய் விழும். மணிக்கு 360 ஜாப், மூன்று மணி நேரத்துக்குள் ஆயிரம் ஜாப் காலி! பழுதான கணினிதான் பார்ப்பதற்கு ஆகச் சுறுசுறுப்பானது. இதைத் தடுக்க, கணினியில் அவ்வப்போது உடல்நலச் சோதனை நிரல் ஓடுகிறது. ஏதாவது கோளாறு தெரிந்தால் கணினி தன் விளம்பரத்திலேயே "இனி யாரும் வர வேண்டாம்" என்று போட்டுக்கொள்ளும். மையம் முழுவதையும் சோதிக்க ஹாமர்கிளவுட் என்ற அமைப்பு ஓயாமல் சோதனை ஜாப்புகளை அனுப்புகிறது. அவை தோற்றால் அந்த மையத்தின் கியூ தானாகவே மூடப்படும், தேறினால் தானாகவே திறக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு யாரையும் எழுப்ப வேண்டாம்.

எட்டு கோர் ஜாப் ஒன்று வந்தால் வேறு விதமான சங்கடம். கணினியில் 32 கோர் இருக்கிறது, ஆனால் ஒற்றை கோர் ஜாப்புகள் அதை நிரப்பிவைத்திருக்கின்றன. ஒன்று முடிந்தால் ஒரு கோர் காலியாகும், உடனே இன்னொரு ஒற்றை ஜாப் உள்ளே நுழைந்துவிடும். எட்டு கோர் ஒன்றாகக் காலியாகும் நேரம் வரவே வராது. அதற்காக வேண்டுமென்றே சில கணினிகளுக்குப் புது ஜாப் கொடுப்பதை நிறுத்தி, அவற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக வடியவிடுகிறார்கள். அதுவரை கோர்கள் சும்மா கிடக்கும். அந்த வீண் நேரம்தான் விலை. அதிகம் வடியவிட்டால் நஷ்டம், குறைவாக வடியவிட்டால் பெரிய ஜாப் பட்டினி. இந்த இரண்டுக்கும் நடுவில் எண்களைத் திருகித் திருகிச் சரிசெய்யும் நிர்வாகிகளை நான் மனதாரக் கும்பிடுகிறேன்.

டேட்டா எங்கே இருக்கிறது என்பதும் ஜாப்பின் தலைவிதியை எழுதுகிறது. பல டெராபைட் கோப்புகளை ஜாப் இருக்கும் ஊருக்குச் சுமப்பதைவிட, ஜாப்பைக் கோப்பு இருக்கும் ஊருக்கு அனுப்புவது சுலபம். எல்லாம் டிஸ்கில் இருப்பதும் இல்லை. பெரும் பங்கு காந்த நாடாவில் தூங்குகிறது. ரோபோ கை நாடாவை எடுத்துப் படித்து டிஸ்கில் வைக்கும்வரை ஜாப் காத்திருக்க வேண்டும். 2018இல் அட்லஸ் குழு இதையும் ஒழுங்குபடுத்தத் தொடங்கியது. கோப்புகளை அலை அலையாக நாடாவிலிருந்து இறக்கு, இறங்க இறங்க ஜாப்பை விடு, முடிந்ததும் டிஸ்கைத் துடை, அடுத்த அலை.

சென்னைக்கு வருவோம். சென்னை ஐ.ஐ.டி. சி.எம்.எஸ். கூட்டணியில் உறுப்பு. அங்கே ஒரு ஆராய்ச்சி மாணவி தன் ஆய்வு நிரலை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராப் என்ற கருவி அதை நூற்றுக்கணக்கான துண்டுகளாக வெட்டுகிறது. எந்தத் துண்டுக்கு எந்தக் கோப்பு வேண்டும், அது எந்த மையத்தில் இருக்கிறது என்று பார்க்கிறது. சில துண்டுகள் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் இருக்கும் சி.எம்.எஸ். மையத்துக்குப் போகலாம், சில சிகாகோ பக்கத்து ஃபெர்மிலாபுக்கு, சில இத்தாலிக்கு. எங்கே ஓடியது என்று அவர் கவலைப்பட வேண்டியதே இல்லை. கொல்கத்தாவில் இருக்கும் வி.இ.சி.சி. இதேபோல ஆலிஸ் குழுவின் ஜாப்புகளுக்கு இடம் கொடுக்கிறது.

இந்தத் துறையில் நம் ஊரின் கையும் பட்டிருக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் தாமரைச்செல்வி சோமசுந்தரம் குழுவினர் கேர் ரிசோர்ஸ் புரோக்கர் என்ற ஷெட்யூலரை உருவாக்கினார்கள். ஜாப் கேட்கும் கணினி எங்குமே கிடைக்கவில்லையா? அதற்கேற்ற மெய்நிகர் கணினியை உண்டாக்கிக் கொடு என்பது அவர்கள் வழி. ஆஸ்திரேலியாவில் ராஜ்குமார் புய்யா, டேவிட் ஆப்ரம்சன், ஜொனதன் கிடி மூவரும் 2000இல் வேறு பாதை காட்டினார்கள். நிம்ராட்-ஜி என்ற அவர்களின் அமைப்பில், எத்தனை மணிக்குள் வேண்டும், எவ்வளவு செலவு செய்யத் தயார் என்று இரண்டையும் சொன்னால், ஷெட்யூலர் கணினிகளை விலை பார்த்துப் பிடித்துத் தரும்.

முதலாளி இல்லாத இந்த ஏற்பாடு எவ்வளவு திடமானது என்பது 2017 நவம்பர் 9 அன்று தெரிந்தது. இத்தாலியின் பொலோனாவில் தெருக் குழாய் உடைந்து, சி.என்.ஏ.எஃப். மையத்துக்குள் தண்ணீர் புகுந்தது. எல்.எச்.சி. கிரிட்டின் முதல் அடுக்கு மையங்களில் அது ஒன்று! மின்சார அமைப்புகள் முழுகின, காந்த நாடாக்கள் சில நனைந்தன, வாரக்கணக்கில் மையம் மூடிக் கிடந்தது. அங்கே மட்டும் பிரதி இருந்த கோப்புகளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. மற்ற ஜாப்புகளோ வேறு ஊர்களைப் பார்த்துக்கொண்டு போயின. கிரிட் நிற்கவில்லை.

இன்னும் ஒரு ரகசியம்! மோதல்களை அங்கேயே வடிகட்ட அட்லஸ் குழு எந்திரத்தின் பக்கத்திலேயே ஒரு பெரிய கணினிப் பண்ணை வைத்திருக்கிறது. புரோட்டான் ஓடாத நாட்களில் அந்தப் பண்ணைக்கு என்ன வேலை? அப்படியே கிரிட்டில் சேர்ந்து மற்றவர்களின் ஜாப்பை ஓட்டுகிறது! எந்திரம் மீண்டும் தயாராகும்போது ஜாப்புகளை ஒதுக்கிவிட்டுத் தன் சொந்த வேலைக்குத் திரும்புகிறது. 1988இல் பேராசிரியர் மேசைக்கு எழுதப்பட்ட அதே விதி இங்கேயும் அப்படியே வேலை செய்கிறது.

2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் துகள் அறிவிப்பின்போது, அப்போதைய செர்ன் தலைமை இயக்குநர் ரோல்ஃப் ஹொய்யர் முடுக்கி எந்திரத்தையும் ஆய்வுக் குழுக்களையும் பாராட்டிய கையோடு கிரிட்டையும் சேர்த்துச் சொன்னார். என்னைக் கேட்டால், அந்தப் பாராட்டு முழுக்க நியாயம். மோதலைப் படம் பிடிப்பது பாதி வேலை. அந்தப் படத்தை யார், எந்த ஊரில், எத்தனை மணிக்குப் பிரிப்பது என்று தீர்ப்பது மறு பாதி.

இதில் நீங்களும் சேரலாம். செர்ன் 2004இல் எல்.எச்.சி.@ஹோம் என்ற தன்னார்வத் திட்டத்தைத் தொடங்கியது. பாயின்க் என்ற இலவச மென்பொருளை உங்கள் கணினியில் நிறுவி, பட்டியலில் எல்.எச்.சி.@ஹோம் என்பதைத் தேர்ந்தெடுத்தால், புரோட்டான் கற்றை வளையத்துக்குள் எப்படி ஓடும் என்று கணக்கிடும் ஜாப்புகள் போன்றவை வரத் தொடங்கும். எத்தனை கோர் கொடுப்பது, நீங்கள் வேலை செய்யும்போது அது ஒதுங்கி நிற்க வேண்டுமா என்பதெல்லாம் உங்கள் விருப்பம். லேப்டாப் சூடாகும், கரண்ட் பில் கொஞ்சம் ஏறும். அதனால் மேசைக் கணினி இருந்தால் ஒரே ஒரு கோரோடு தொடங்குங்கள், பிடித்துப்போனால் கூட்டிக்கொள்ளுங்கள்.